கூரைக் கார் பந்தயம்: தண்டையார்பேட்டைப் பட்டறையிலிருந்து பதில்கள்

தண்டையார்பேட்டையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் அணியில் ஐந்து பேர். ஓட்டுநர், லேத் பட்டறைக்காரர், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த வெல்டர், கணக்குப் பார்க்கும் என் தம்பி, நான். யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. பல ஆண்டுகளாக இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் டூரிங் கார் பந்தயங்களில் ஓடியிருக்கிறோம். இந்தப் பந்தயம் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, டூரிங் கார் என்றால் சுற்றுலாவுக்குப் போகும் காரா?

இல்லை, தம்பி. கடையில் விற்கும் குடும்பக் காரைப் பந்தயத்துக்காகத் தயார் செய்தால் அது டூரிங் கார். கூரை, கதவு, வெளித்தோற்றம் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே பின்சீட்டு, கம்பளம், ஏசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டு போடுவோம். ஒருகாலத்தில் 1089 சிசி பிரீமியர் பத்மினி ஓடியது. பிறகு 1298 சிசி மாருதி எஸ்டீம், அதன் பிறகு ஹோண்டா சிட்டி விடெக். உன் தெருவில் நிற்கும் கார்தான் தடத்திலும் ஓடுகிறது. இந்தப் பந்தயத்தை நான் விரும்புவதற்கு முதல் காரணமே அதுதான்.

எண்ணூர், தனியார் நிறுவன ஊழியர்: ஒரு அணி தொடங்க எவ்வளவு செலவாகும்?

தொகை சொன்னால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். செலவு எந்த வரிசையில் வரும் என்று சொல்கிறேன். பழைய கார் வாங்குவதுதான் இருப்பதிலேயே குறைந்த செலவு. அடுத்தது கூண்டு, பந்தய சீட், ஆறுமுனை பெல்ட், தீயணைப்பான். அதற்கு மேல் ஓட்டுநரின் தீத்தடுப்பு உடை, ஹெல்மெட், கழுத்துக் காப்பு. இவ்வளவும் ஒருமுறைச் செலவு. ஆளைத் தின்பது டயரும் பிரேக் பேடும்தான், ஏனென்றால் அவை ஒவ்வொரு வாரயிறுதியும் புதிதாக வேண்டும். தொடங்குகிறவர்கள் எஞ்சினில் பணத்தைக் கொட்டிவிட்டு டயருக்குக் கடன் வாங்குகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். எஞ்சினைக் கம்பெனி கொடுத்தபடியே விட்டுவிட்டு, டயருக்கும் பிரேக்குக்கும் பணத்தை ஒதுக்குங்கள். ஓட்டுநருக்கு இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பு தரும் போட்டி உரிமம் தேவை. சாதாரண ஓட்டுநர் உரிமம் போதாது.

வியாசர்பாடி, வெல்டர்: கேட் செய்யும் பைப்பிலேயே ரோல் கேஜ், அதாவது உள்ளே போடும் கூண்டு, செய்துவிடலாமா? என் வெல்டிங் உறுதியாக இருக்கும்.

செய்யக் கூடாது, அண்ணா. உங்கள் கையில் எனக்குச் சந்தேகம் இல்லை, பைப்பில்தான் சந்தேகம். கேட்டுக்கு வாங்குவது தகட்டைச் சுருட்டி நீளவாக்கில் ஒட்டிய குழாய். கார் உருண்டு கூரை தரையில் அடிக்கும்போது அந்த ஒட்டு பிளந்துகொள்ளும். சர்வதேச விதி கேட்பது ஒட்டே இல்லாத, குளிர்நிலையில் இழுத்த சீம்லெஸ் பைப். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் நிற்கும் பிரதான வளைவுக்குக் குறைந்தது 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் வேண்டும். மற்ற கம்பிகளுக்கு 38-க்கு 2.5, அல்லது 40-க்கு 2.

கூண்டின் கால் காரின் தரையில் உட்காரும் இடம் இன்னும் முக்கியம். கார்த் தரை மெல்லிய தகடு. வெறுமனே வைத்துப் பற்றவைத்தால், உருளும்போது குழாய் தரையைக் குத்திக்கொண்டு கீழே இறங்கிவிடும், கூண்டு இருந்தும் இல்லாததாகிவிடும். அதனால்தான் குறைந்தது 3 மி.மீ. கனமும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகட்டை அடியில் கொடுத்து, 8 மி.மீ. போல்ட் குறைந்தது மூன்று போடச் சொல்கிறார்கள். போல்ட்டின் தலையில் 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். அந்தத் துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் அன்று இரவே காய்ச்சல் வரும்.

குழாயை வளைப்பதும் தனி வேலை. மணல் அடைத்துச் சூடு காட்டி வளைத்தால் வளைவில் நசுங்கும். வளைக்கும் எந்திரம் இருக்கும் இடத்தில் கொடுத்து வளைத்துக்கொள்ளுங்கள், ஒட்டும் வேலையை நீங்கள் செய்யுங்கள். ஒருநாள் பட்டறைக்கு வாருங்கள், எங்கள் கூண்டைக் காட்டுகிறேன்.

புதுவண்ணாரப்பேட்டை: பெரிய கூட்டத்தின் முன்னால் உங்கள் கார் நின்றுபோனதுண்டா?

உண்டு. காரணம் நான்.

எங்கள் அணியின் முதல் வருடம். பார்வையாளர் மேடை நிறைந்திருந்தது. தண்டையார்பேட்டையிலிருந்தும் காசிமேட்டிலிருந்தும் வேன் பிடித்து நம் ஆட்கள் வந்திருந்தார்கள். எஸ்டீம் மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது சுற்றில் நேர்பாதை முடியும் இடத்தில் எங்கள் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார், பெடல் தரைக்குப் போய்விட்டது. கியரைக் குறைத்துக்கொண்டே தடத்தைவிட்டு மண்ணில் இறங்கி நிறுத்தினார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்க அரைமணி நேரமானது.

நடந்தது இதுதான். 900 கிலோ கார் 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது பிரேக்கில் பிறக்கும் வெப்பத்தைக் கொண்டு இரண்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். ஒரே ஒரு வளைவுக்கு இவ்வளவு. சுற்றுக்குச் சுற்று அது சேருகிறது, பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் வழியாகப் பிரேக் ஆயிலுக்குப் போகிறது. பிரேக் ஆயிலோ காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும் குணமுள்ளது. டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் தரம் உறுதி சொல்வது 155 டிகிரிக்குத்தான். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். காலின் அழுத்தம் முழுவதும் குமிழியை அமுக்குவதில் போய்விடும், சக்கரத்துக்கு ஒன்றும் வராது.

அன்று நான் ஊற்றியது, மூடி திறந்து மூன்று மாதம் பட்டறை அலமாரியில் இருந்த டப்பா. எங்கள் பட்டறைக்குக் கடற்காற்று நேராக வரும். சாவிக்கொத்து ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கிற இடத்தில் அந்த டப்பாவை வைத்திருந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பந்தய வாரத்திலும் புதிதாகத் திறந்த டப்பாதான். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, தூரச் சக்கரத்திலிருந்து தொடங்கி நான்கிலும் ஏர் எடுப்பேன், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவேன். டப்பாவில் மீதியிருக்கும் ஆயிலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

கூட்டத்துக்கும் இதில் பங்குண்டு. கூட்டத்தின் சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்காது. ஆனால் நம் தெரு பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு ஓட்டுநரின் காலுக்குப் போய்விடும். பயிற்சியில் பிரேக் பிடித்த இடத்தைத் தாண்டிப் பத்து மீட்டர் தள்ளிப் பிடிப்பார், சுற்றுக்குச் சுற்று அது வளரும். பயிற்சியில் தாங்கிய பிரேக் பந்தயத்தில் தாங்காமல் போவது இதனாலும்தான்.

மணலி: கார் பந்தயத்துக்கு எவ்வளவு பணம் வேண்டும்?

மேலே எண்ணூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

திருவொற்றியூர், பைக் ஓட்டுபவர்: என்னிடம் விலையுயர்ந்த பைக் ஹெல்மெட் இருக்கிறது. காருக்கும் அதையே போடலாமா?

கூடாது. ஹெல்மெட்டைச் சோதித்துத் தரும் ஸ்னெல் முத்திரையில் எம் என்றிருந்தால் பைக்குக்கு, எஸ்ஏ என்றிருந்தால் காருக்கு. கார் ஹெல்மெட்டின் உட்துணி தீயைத் தாங்க வேண்டும். கூண்டுக் கம்பியில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி மோதுவதையும் தாங்க வேண்டும். பைக் ஹெல்மெட்டை அந்த இரண்டுக்கும் சோதிப்பதில்லை. அதோடு, பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பைக்குக்கும் கேட்கிறேன்.

செங்குன்றம், 71 வயது: தம்பி, இருங்காட்டுக்கோட்டையையே பேசுகிறீர்கள். சோழவரத்தில் பந்தயம் என்றால் சாலை முழுக்க சைக்கிளும் பஸ்ஸும். பல்லாயிரம் பேர் வெயிலில் நின்று பார்த்தோம். இன்று உங்கள் பந்தயத்தை யார் பார்க்கிறார்கள்? இடத்தை மாற்றியதோடு கூட்டம் போய்விட்டது.

ஐயா, அந்த சைக்கிள்களில் ஒன்று என்னுடையது. தண்டையார்பேட்டையிலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் மிதித்து வந்தேன், அப்போது எனக்குப் பதினைந்து வயது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதை, வெட்டவெளி, மரம் மட்டை எதுவும் மறைக்காது. கோண்டல் மகாராஜாவின் ஜாகுவார் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பந்தய வீரர் கரிவர்தனை என் கண்ணாலேயே பார்த்தேன். எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே அங்கேதான்.

ஆனால் நமக்கும் காருக்கும் நடுவே என்ன இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். நான் நின்ற இடத்தில் வைக்கோல் கட்டுதான் இருந்தது. 1955-ல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஒரு மெர்சிடிஸ் தடுப்பில் மோதிச் சிதறி, 80-க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் இறந்தார்கள். அவர்களுக்கும் தடத்துக்கும் நடுவே வைக்கோல் கட்டைவிடப் பெரிய மண்மேடே இருந்தது.

மீண்டும் செங்குன்றத்தார்: லெ மான் எங்கே, சோழவரம் எங்கே? ஓடுபாதை அகலம். கார் சுழன்றாலும் நிற்க இடமிருந்தது. உங்கள் தடத்தில் விலகினால் டயர்ச் சுவர்.

நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஓட்டுநருக்கு அகலம் நல்லதுதான். எங்கள் எஸ்டீமும் அன்று தப்பியது மண் இருந்ததால். ஆனால் சோழவரத்தில் கார் சுழன்று நிற்கக்கூடிய இடமும் நாம் நின்ற இடமும் ஒன்றாகவே இருந்தன, ஐயா. அந்த நிலமும் பந்தயம் நடத்திய மோட்டார் விளையாட்டுக் கழகத்துடையதல்ல, ராணுவத்துடையது. மேடை கட்டவோ வேலி போடவோ கழகத்தால் முடியாது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறந்த பிறகுதான் சொந்த இடத்தில் வளைவுக்கு வளைவு தடுப்பும், கொடி காட்டும் மார்ஷல் நிற்கும் இடமும், ஆம்புலன்ஸ் போகும் வழியும் அமைந்தன.

மாதவரம், பொறியாளர்: பெரியவர் சொல்வதே சரி. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தபோது கூட்டம் வரவில்லையா? பந்தயத்தை ஊருக்குள் கொண்டுவந்தால் ஜனம் வரும்.

வந்தது. நானும் போயிருந்தேன், நேப்பியர் பாலத்துப் பக்கம். 3.5 கி.மீ. தடத்தின் இரு பக்கமும் கான்கிரீட் சுவரும் அதன்மேல் கம்பி வேலியும் நிறுத்தினார்கள், பிறகு பெயர்த்தெடுத்தார்கள். அந்தச் செலவை எங்களைப் போன்ற அணிகள் ஓடும் பந்தயத்துக்கு யாரும் செய்யப்போவதில்லை. அங்கே ஓடியவையும் கூரைக் கார்கள் அல்ல.

இருந்தாலும் இதில் நீங்கள் இருவரும் சொல்வதை மறுக்க என்னால் முடியவில்லை. சோழவரம் வடசென்னைக்காரனுக்கு சைக்கிள் தூரத்தில் இருந்தது. இருங்காட்டுக்கோட்டைக்கு ராயபுரத்திலிருந்து ஒரு குடும்பம் போய்வர ஒரு நாள் கூலி ஆகிறது. மாதவரத்திலிருந்து பந்தய நாளில் நான்கு பஸ் விட்டால் போதும், மேடை நிறையும். தடத்தைத் திரும்பச் சோழவரத்துக்குக் கொண்டுபோகச் சொன்னால் மட்டும் நான் எதிர்ப்பேன்.

செங்குன்றத்தார்: பஸ் விட்டால் நானும் வருகிறேன். வைக்கோல் கட்டு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், ஐயா. அடுத்த பந்தயத்துக்கு எங்கள் மினி லாரி விடியற்காலை மாதவரம் ரவுண்டானா வழியாகப் போகும். முன்சீட்டு உங்களுக்கு.

பெயர் சொல்லாதவர்: எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு ஒரு மணிக்கு நாங்கள் கார் ஓட்டிப் பார்ப்போம். சைலன்சரை எடுத்துவிட்டால் எவ்வளவு வேகம் கூடும்?

பதில் சொல்ல மாட்டேன். அந்தச் சாலையில் அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் விளக்கில்லாமல் ஓரம் நிற்கும், மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் நடந்து வருவார்கள். கொடி காட்ட ஆளில்லை, ஆம்புலன்ஸ் இல்லை, எதிரே வருகிறவருக்குப் பந்தயம் நடப்பதே தெரியாது. என் பட்டறைக்கு அந்தக் காரோடு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். வேகம் வேண்டுமென்றால் தடத்தில் நடக்கும் பயிற்சிப் பள்ளியில் சேருங்கள்.

பெரம்பூர்: அஜித் குமார் ஓட்டுவதும் டூரிங் காரா?

அவருடைய அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் போர்ஷே 911-ல் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது. அது ஜிடி வகை, பந்தயத்துக்கென்றே கட்டிய கார். பயிற்சியில் அவருடைய கார் சுவரில் மோதியதும் பிரேக் செயலிழந்ததால்தான் என்று சொன்னார்கள்.

கொளத்தூர்: பட்ஜெட் எவ்வளவு ஆகும்?

எண்ணூர்க்காரருக்குச் சொன்ன பதில். மூன்றாவது முறை.

மூலக்கடை: பந்தயம் முடிந்து, அணிகள் காரைக் கவனிக்கும் இடமான பிட்டுக்குக் கார் வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள்?

ஹேண்ட் பிரேக்கை இழுக்க விடமாட்டேன். கொதிக்கும் டிஸ்க்கையோ டிரம்மையோ ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்தால் அந்த இடம் மட்டும் ஆறாமல் கோணிவிடும், லைனிங்கும் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைப்போம். பிறகு டயர் சூடாக இருக்கும்போதே காற்றழுத்தம் அளந்து நோட்டில் எழுதுவோம். ஆறிய பிறகு அளந்தால் பயனில்லை.

ராயபுரம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: அண்ணா, எங்கள் வீட்டில் கார் இல்லை, பணமும் இல்லை. அப்பா துறைமுகத்தில் வேலை பார்க்கிறார். பெண்கள் இதற்கு வரலாமா? எப்படி உள்ளே வருவது?

வரலாம், அம்மா. நம் சென்னையின் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் ஆண்களோடு ஓடியவர். ஆனால் அவருடைய தந்தையே பந்தய வீரர், வீட்டிலேயே வழி இருந்தது. வழி இல்லாத வீட்டிலிருந்து வர நான் அறிந்த நல்ல கதவு ஒன்று உண்டு. மார்ஷல் வேலை.

மார்ஷல் என்றால் வளைவுக்கு வளைவு கொடியோடு நிற்பவர்கள். தன்னார்வலர்கள்தான் செய்கிறார்கள், பயிற்சி கொடுப்பார்கள். ஒரு மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. இரண்டு மஞ்சள் சேர்ந்து அசைந்தால் தடமே அடைபட்டிருக்கலாம், நிற்கத் தயாராக இரு. சிவப்பும் மஞ்சளும் கோடு கோடாக இருந்தால் தடத்தில் எண்ணெயோ தண்ணீரோ கிடக்கிறது. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்பில் ஆரஞ்சு வட்டமுள்ள கொடியோடு உன் கார் நம்பரைக் காட்டினால் உன் காரில் ஏதோ உடைந்திருக்கிறது, பிட்டுக்குப் போ. அன்று எங்கள் எஸ்டீம் மண்ணில் நின்றபோது, எங்கள் ஓட்டுநர் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் ஒருவர் மஞ்சளை அசைத்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் தீயணைப்பானோடு கதவருகே வந்துவிட்டார். இருவருமே கல்லூரி மாணவர்கள்.

அங்கே நின்று பார்ப்பது மேடையிலிருந்து பார்ப்பது போன்றதல்ல. எந்தக் காரின் பிரேக் ஒளிர்கிறது, எந்த ஓட்டுநர் எங்கே திருப்புகிறார், எது சறுக்கப்போகிறது என்று இரண்டு பருவத்தில் கண் பழகிவிடும். அணிகள் உன்னை அடையாளம் கண்டுகொள்ளும். எங்கள் லேத் பட்டறைக்காரர் முதலில் மார்ஷலாக இருந்தவர்தான்.

பள்ளிப் பரீட்சையை எழுதி முடித்துவிட்டு அப்பாவோடு பட்டறைக்கு வா. விண்ணப்பத்தை நான் நிரப்பித் தருகிறேன். தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய காலணி இவை மட்டும் உன்னுடையதாக இருக்கட்டும். நைலான் துணி வேண்டாம், தீயில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். முதல் நாளே ஒன்று சொல்லிக்கொடுப்பார்கள். கார் வரும் திசைக்கு எப்போதும் முதுகைக் காட்டாதே.