அட்டை நீலமானால் காய் சுத்தமா?

கேள்வி: காய்கறியில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்கும் அட்டை வாங்கினேன். வெங்காயத்தாளுக்கு வெள்ளையாகவே நிற்கிறது, கத்தரிக்காய்க்கு நீலமாகிறது. எதை நம்ப?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். அட்டையின் வெள்ளை வட்டில் இருப்பது ஒரு நொதி (என்சைம்). மருந்து அதை முடக்காவிட்டால் சிவப்பு வட்டோடு மடித்துப் பிடித்ததும் நீலமாகும். முடக்கினால் வெள்ளையாகவே இருக்கும். ஆனால் வெங்காயம், பூண்டு, முள்ளங்கிச் சாறும் அந்த நொதியைக் கெடுக்கும். இவற்றை நறுக்காமல் முழுசாக நனைத்து எடுத்த நீரில் சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் காய் படாத வெறும் கரைசலில் ஒரு அட்டை கூடவே வையுங்கள். அது நீலமாகாவிட்டால் அட்டையே கெட்டுவிட்டது என்று பொருள்.

கத்தரிக்காய் நீலமானதற்கு ரொம்பவும் மகிழ வேண்டாம். அட்டை பிடிப்பது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு பூச்சிமருந்து வகைகளைத்தான், அதுவும் அளவு கூடுதலாக இருந்தால். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளும் பூஞ்சைக்கொல்லிகளும் அதன் கண்ணில் படாது.

கேள்வி: கொருக்குப்பேட்டையில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். பூச்சிமருந்து சோதிக்க லேபுக்கு எவ்வளவு காய் தர வேண்டும்? அங்கே என்ன செய்வார்கள்?
– கடைக்காரர்

பதில்: கத்தரி என்றால் ஒரே மூட்டையின் பல இடங்களிலிருந்து 1 கிலோ, 10 காய்க்குக் குறையாமல், முட்டைக்கோஸ் 2 கிலோ, 5 கோஸுக்குக் குறையாமல். காய்க்குக் காய் மருந்து மாறும் என்பதால்தான் இத்தனை. கழுவாதீர்கள், தோல் சீவாதீர்கள். அன்றைக்கே குளிர்ச்சியாகக் கொண்டுபோங்கள்.

காயிலிருந்து மருந்தைப் பிரித்தெடுக்க லேபில் பெரும்பாலும் 2003-இல் வெளியான குவெச்சர்ஸ் (QuEChERS) முறைதான். கூழாக அரைத்த காயில் 10 கிராம், மருந்தைக் கரைத்தெடுக்கும் அசிட்டோநைட்ரைல் என்ற திரவம் 10 மில்லி சேர்த்து ஒரு நிமிடம் குலுக்குவார்கள். பிறகு நீரற்ற மெக்னீசியம் சல்பேட் 4 கிராம், உப்பு 1 கிராம். இந்த வரிசை மாறக் கூடாது: சல்பேட் நீரை உறிஞ்சிச் சூடாகும், போட்டவுடன் குலுக்காவிட்டால் கட்டி தட்டி மருந்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். சுழற்றிப் பிரித்ததும் மேலே நிற்கும் திரவத்தைச் சுத்தம் செய்து, மருந்தை அளக்கும் கருவியில் ஏற்றுவார்கள். கீரைக்குப் பச்சை நிறத்தை எடுக்கக் கரித்தூள் போடும்போது தயாபெண்டசோல் போன்ற சில மருந்துகளும் கூடவே போய்விடும். அதனால் கீரைக்கு மீட்பு அளவு, அதாவது தெரிந்த அளவு மருந்தைச் சேர்த்தால் அதில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று தனியே கேளுங்கள்.

மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி இந்த முறையில் வராது. அதை அமிலத்தில் சூடாக்கி, வெளிவரும் கார்பன் டைசல்பைடை அளக்க வேண்டும், சொன்னால்தான் செய்வார்கள்.

ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்றிருந்தால் எந்த அளவுக்குக் கீழே என்று பாருங்கள். தனி வரம்பு குறிக்காத மருந்துக்கு எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) வைத்திருக்கும் பொது வரம்பு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். லேப் அளக்கக்கூடிய குறைந்த அளவே 0.05 மில்லிகிராம் என்றால் அந்த மருந்தைச் சோதிக்கக் காசு கொடுத்தது வீண்.