நரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது? புது ரைஃபிள்காரர்களின் கேள்விகள்

இங்கிலாந்தில் ஷ்ரோப்ஷயர் பக்கம் இருக்கிறேன். பகலில் டிராக்டர் மெக்கானிக். செம்மறிகள் குட்டி போடும் மாதங்களில் இரவு நேரம் மூன்று பண்ணைகளுக்கு நரிக் காவல். "ரைஃபிள் வாங்கியாச்சு, இனி என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். எல்லாருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கே: அண்ணா, 223 அளவுத் தோட்டா போடும், ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் வாங்கினேன். அதைவிடப் பெரிய 243 எடுத்திருக்கலாமே என்கிறார்கள். தப்புப் பண்ணிவிட்டேனா?

இல்லை தம்பி. நரி ஆறேழு கிலோ மிருகம், அதற்கு 55 கிரெயின் (சுமார் மூன்றரை கிராம்) குண்டு தாராளம். 243 இருந்தால் இங்கிலாந்தில் பெரிய மானும் சட்டப்படி சுடலாம். அந்த எண்ணம் இல்லையென்றால் 223 போதும். உதை குறைவு என்பதால் குண்டு எங்கே விழுந்தது என்று ஸ்கோப்பிலேயே (துப்பாக்கி மேல் மாட்டும் குறிநோக்கி) பார்க்கலாம். தனியாக இரவில் நிற்கிறவனுக்கு அது பெரிய வசதி.

கே: 100 கஜத்தில் ஐந்து குண்டு போட்டால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது. புதுத் துப்பாக்கியில் கோளாறா?

துப்பாக்கியைக் கடைசியில் சந்தேகப்படுங்கள். முதலில் ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்திருக்கும் மவுண்ட் வளையங்களின் திருகுகள். என் முதல் ரைஃபிளை இரண்டு வாரம் திட்டித் தீர்த்தேன். கடைசியில் பார்த்தால் ஒரு வளையத்தின் திருகு விரலாலேயே அரைச் சுற்று சுற்றியது. மெக்கானிக் என்று சொல்லிக்கொள்கிறவன் நான்!

அடுத்து சைலன்சர். கொஞ்சம் தளர்ந்தாலும் குண்டு இடம் மாறும், கழற்றினாலும் மாறும். எதை மாட்டிக்கொண்டு வேட்டைக்குப் போகிறீர்களோ, அதை மாட்டியே குறி சரிசெய்யுங்கள். மூன்று குண்டு போட்டதும் குழல் ஆறட்டும்; மெல்லிய குழல் சூடேறினால் குண்டு விழும் இடம் அலையும். அப்புறம் இரண்டு மூன்று பிராண்ட் தோட்டா வாங்கிப் பாருங்கள். ஒரே மாடல் ரைஃபிள் இரண்டு இருந்தாலும், ஒன்றுக்குப் பிடித்த தோட்டா மற்றதற்குப் பிடிக்காது.

சிதறல் அடங்கியதும், 100 கஜத்தில் குண்டு குறிக்கு ஓர் அங்குலம் மேலே விழும்படி ஸ்கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். 200 கஜம் வரை நரியின் நெஞ்சுக்கு நேரே பிடித்தால் போதும். பக்கக்காற்று வேறு கதை. மணிக்குப் பத்து மைல் காற்றில் 200 கஜத்தில் நாலு அங்குலம் வரை தள்ளிவிடும். ஆரம்பத்தில் 120 கஜத்தைத் தாண்டாதீர்கள்.

கே: அப்பாவிடம் 22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டா ரைஃபிள் இருக்கிறது. நரிக்குப் போதாதா?

முயலுக்குச் சரி. மெதுவாகப் போகும் ஈயக்குண்டு ஈரத் தரையிலும் கல்லிலும் பட்டு எகிறும். நரியும் காயத்தோடு ஓடிப்போகும். வேண்டாம்.

கே: ஸ்கோப்பில் நரி தெளிவாகத் தெரிந்தது, 60 கஜம்தான். சுட்டேன், "டங்" என்று சத்தம், நரி ஓடிவிட்டது!

கேட் மேல் சாய்ந்துதானே சுட்டீர்கள்? ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை, இரண்டு அங்குலம் மேலே இருக்கிறது. கண்ணுக்கு வழி தெளிவாக இருக்கும், குழலின் வாய்க்கு முன்னால் கம்பி இருக்கும். வண்டியின் பானெட்டும் இப்படித்தான் ஓட்டையாகும். விசையைத் தொடும் முன் தலையைத் தூக்கிக் குழல்முனையை ஒரு முறை பாருங்கள்.

கே: உடல் சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கருவி வாங்கினால் எல்லாம் தெரிந்துவிடும் அல்லவா?

சூடு தெரியும், அவ்வளவுதான். கம்பிவேலி தெரியாது. பள்ளத்தில் படுத்திருக்கும் ஆடும் தெரியாது. விளக்கடித்துப் பார்ப்பவர்களுக்கும் சொல்கிறேன், கண் மின்னுகிறது என்பதற்காகச் சுடாதீர்கள். பூனைக்கும் பண்ணை நாய்க்கும் கண் மின்னும். பேட்ஜர் என்ற வளை தோண்டும் இரவு விலங்கைச் சுட்டுவிட்டால் 1992 ஆம் வருடச் சட்டப்படி குற்றம். உடம்பு முழுக்கத் தெரியவேண்டும், நடை தெரியவேண்டும்.

அதைவிட முக்கியம், நரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது. குண்டு தாண்டிப் போனால் மண்ணில் புதையவேண்டும். மேட்டு விளிம்பில் நரி, அதற்குப் பின்னால் வானம் என்றால் சுடக்கூடாது. ஒரு பிப்ரவரி இரவு, பத்து நாளாகத் தேடிய நரி அப்படித்தான் நாலு நிமிடம் மேட்டில் நின்றது. விரலை எடுத்துவிட்டேன். விடிந்து மேட்டுக்கு அந்தப்பக்கம் போனால், முந்தின நாள் இல்லாத ஒரு கேரவன். வாசலில் சின்னக் குழந்தையின் ரப்பர் பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தது. புது வயலில் சுடுவதற்கு முன் பகலில் ஒரு சுற்று நடந்து பாருங்கள், அன்றன்றைக்கு.

கே: லைசன்ஸ் எப்படி?

போலீஸ்தான் தருவார்கள், 5 வருடத்துக்கு. டாக்டர் தரும் விவரம், சுவரில் அடித்த இரும்பு அலமாரி, எங்கே எதற்காகச் சுடுகிறீர்கள் என்பதற்குக் காரணம், எல்லாம் பார்ப்பார்கள். நிலத்துக்காரரின் அனுமதியை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: நரி நிஜமாகவே குட்டிகளைக் கொல்கிறதா? பாவமில்லையா?

பாதி நேரம் அது வருவது ஆடு ஈன்றபின் விழும் இளங்கொடிக்கும் செத்த குட்டிக்கும்தான். குளிரும் மழையும் நோயும் கொல்லும் குட்டிகளே அதிகம். ஆனால் ருசி கண்ட நரி ஒன்று உண்டு, தினமும் அதே வேலிச்சந்தில் வரும். அதைத்தான் தேடுகிறேன், கண்ட நரியை அல்ல. வேலையைப் பிப்ரவரிக்குள் முடித்துக்கொள்ளப் பார்ப்பேன். ஏப்ரலில் பெண் நரியைச் சுட்டால் வளைக்குள் குட்டிகள் பட்டினியால் சாகும். சட்டம் தடுக்கவில்லை, எனக்கு மனசு வராது.

கே: ஐயா, ஈரோட்டில் வெள்ளாடு வளர்க்கிறேன். இங்கே நரிக்கு ரைஃபிள் வாங்க முடியுமா?

அந்த எண்ணத்தையே விடுங்கள். நம் ஊரில் நரி 1972 ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. சுட்டால் ஜெயில்தான். வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி பிடித்து விடுகிறவர்களுக்கே வனத்துறை அபராதம் போடுகிறது. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நம்பித்தான் அவர்கள் பிடிக்கிறார்கள், கொல்ல அல்ல. காலடியை முதலில் பாருங்கள். உங்கள் பக்கம் பட்டியில் புகுந்து கடிப்பது பெரும்பாலும் தெருநாய். அதற்கு இழப்பீடு கேட்டுத்தானே விவசாயிகள் போராடினார்கள்? உயரமான கம்பிவலை, அடியில் தோண்ட முடியாதபடி கல், இரவில் விளக்கு. இவற்றுக்குச் செலவழியுங்கள்.

கே: சுட்டதும் ஓடிப்போய் எடுக்கலாமா?

அவசரப்படாதீர்கள். அடுத்த தோட்டாவை ஏற்றி, ஸ்கோப்பிலிருந்து கண் எடுக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். பின்னால் இருக்கும் மரத்தையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் பத்தடி நடந்தாலே இடம் மாறிப்போகும். நரி அசையவில்லை என்றால், தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு நடங்கள். ஓடிவிட்டதென்றால் ரத்தம் இருக்கிறதா என்று அன்றிரவே தேடுங்கள், காலைக்குத் தள்ளாதீர்கள். பண்ணைக்காரருக்கு எத்தனை குண்டு, எத்தனை நரி என்று அப்போதே ஒரு மெசேஜ் போடுங்கள். சத்தம் கேட்டுத் தூக்கம் கலைந்து படுத்திருப்பார்.