காகிதம் அலமாரியில் இருக்கட்டும், மகள் பள்ளிக்கூடம் போகட்டும்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. நான் கேரட் கழுவும் மிஷினில் கூலி வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர், கல்யாணத்துக்கு முன்பிருந்தே, கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடி வேலையில் இருக்கிறார். மகளுக்கு 16 வயது. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். சின்ன வயதில், யாரோ வேண்டாமென்று போட்ட ஏழாம் நம்பர் அயர்ன் மட்டையைப் பாதியாக அறுத்து, சைக்கிள் கைப்பிடி ரப்பரை மாட்டி அவர் அவளுக்குக் கொடுத்தார். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது ஆண்களுக்குச் சமமான தூரம் அடிக்கிறாள். எங்கள் மைதானத்தில் பார் கணக்கிலேயே, அதாவது மைதானத்துக்கு நிர்ணயித்த அடிகளுக்குள்ளேயே, முடிக்கிறாள்.

அங்கே ஆட வரும் பெரியவர் ஒருவர், “பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு இவளை உடனே புரொஃபஷனல் ஆக்குங்கள், அப்போதுதான் நான் பணம் செலவழிக்க முடியும்” என்கிறார். இரண்டு வருடச் செலவு அவருடையது. பத்து வருடத்துக்குப் பரிசுப் பணத்தில் பாதி அவருக்கு. இங்கிலீஷில் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் கையெழுத்துப் போடலாம் என்கிறார். மாமியாரோ, “பணக்காரர்கள் ஆட்டம் நமக்கு எதற்கு?” என்கிறார். எனக்கு எந்தப் பக்கம் போனாலும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

– ஒரு தாய், நீலகிரி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்தக் காகிதத்தை மடித்து அலமாரியில் வையுங்கள். உங்கள் வீட்டில் யாரும் இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். மகள் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும், ஆட்டத்தையும் விட வேண்டாம். இரண்டும் சேர்ந்தே நடக்கும் என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் எழுதுகிறேன்.

“புரொஃபஷனல் ஆனால்தான் பணம் செலவழிக்க முடியும்” என்று அந்தப் பெரியவர் சொன்னாரே, அது பழைய சட்டம். அமெச்சூர், அதாவது ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஆட்டக்காரர்களுக்கான விதிகளை 2022 ஜனவரியில் உலகம் முழுவதற்கும் மாற்றி எழுதிவிட்டார்கள். இன்றைக்கு ஓர் அமெச்சூருக்கு யார் வேண்டுமானாலும் பயணச் செலவு தரலாம், மட்டை வாங்கித் தரலாம், சட்டையில் கம்பெனி பெயர்கூடப் போட்டு அனுப்பலாம். பரிசுப் பணத்துக்குத்தான் வரம்பு: ஹேண்டிகேப் சலுகை (ஆட்டக்காரரின் திறமைக்கேற்ப அடிகளைக் கழித்துக்கொள்வது) இல்லாத ஒரு போட்டியில் 1,000 அமெரிக்க டாலர் வரை வாங்கலாம். ஆகவே உதவ மனமிருந்தால் அவர் நாளைக்கே உதவலாம். அதற்காக மகளின் பள்ளிக்கூடத்தையோ அமெச்சூர் தகுதியையோ கேட்க வேண்டியதில்லை. அவருக்கு இந்த மாற்றம் தெரியாமல் இருக்கலாம். நல்லெண்ணத்தோடே பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் கிளப்புகளில் நிறையப் பேர்.

புரொஃபஷனல் ஆவது எளிது, திரும்பி வருவதுதான் கஷ்டம். மறுபடி அமெச்சூர் ஆக வேண்டுமென்றால் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கோல்ஃப் ஆடும் பெண்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைக்கின்றன; அதற்கும் அமெச்சூராக இருக்க வேண்டும், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் வேண்டும். உங்கள் மகள் அங்கே போவாளா மாட்டாளா என்பது வேறு விஷயம். 16 வயதில் அந்தக் கதவை நாமே போய் அடைப்பானேன்?

இப்போது ஒப்பந்தத்துக்கு வருவோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அதனால்தான் உங்கள் கணவரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். நாளைக்குப் பணம் வரவில்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். இதைவிட முக்கியம், “பரிசுப் பணத்தில் பாதி” என்ற சொற்கள். செலவு போக மிஞ்சுவதில் பாதி என்று நீங்கள் எழுதவில்லை. கேடிக்கு வாரச் சம்பளம் தர வேண்டும். அதற்கு மேல் பரிசில் பங்கும் உண்டு, வெற்றி பெற்றால் பத்து சதவீதம் கொடுப்பது வழக்கம். அப்புறம் வரி, விமான டிக்கெட், தங்கும் அறை, நுழைவுக் கட்டணம். இவையெல்லாம் மகளின் பாதியிலிருந்தே போகும். செலவை அவர் ஏற்பது முதல் இரண்டு வருடம் மட்டும்; மூன்றாம் வருடத்திலிருந்து பத்தாம் வருடம் வரை செலவு மகளுடையது, பாதி அவருடையது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், பரிசு வாங்கியும் கடனாளி ஆகிற கணக்கு அது.

இந்தத் தொழிலில் பணம் எப்படி வருகிறது என்று உங்களுக்குப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கேரட் மூட்டை மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. விலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் லாரி வாடகையும் ஏற்றுக்கூலியும் தோட்டக்காரர் தலையில்தான். தொழில்முறை கோல்ஃபும் அப்படித்தான். பெரும்பாலான போட்டிகளில் முதல் இரண்டு நாள், 36 குழி முடிந்ததும், பட்டியலின் பின்பாதியை வெட்டிவிடுவார்கள். அந்தக் ‘கட்’டில் விழுந்தவருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, போக்குவரத்து, சாப்பாடு, அறை வாடகை எல்லாம் கைக்காசு. வருடக் கடைசியில் தரவரிசை இறங்கியிருந்தால் ஆடும் உரிமையும் போய்விடும். மறுபடி தகுதிச் சுற்றுக்குக் கட்டணம் கட்டி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் நாட்டில் பெண்களுக்குத் தனித் தொடர் இருக்கிறது. அதற்கு மேல் 1978இல் தொடங்கிய ஐரோப்பியத் தொடர். உச்சியில், 1950இல் 13 பெண்கள் சேர்ந்து தொடங்கிய அமெரிக்காவின் பெண்கள் தொடரான எல்.பி.ஜி.ஏ. படி ஏற ஏறப் பரிசும் பெருகும், செலவும் பெருகும்.

அதிதி அசோக் பெயரை உங்கள் கணவர் கட்டாயம் சொல்லியிருப்பார். பெங்களூர்ப் பெண். 2011இல், 13 வயதில், அமெச்சூராகவே களமிறங்கி இந்தியத் தொழில்முறைத் தொடரின் ஒரு போட்டியில் புரொஃபஷனல்களை வென்றவர். அந்த வெற்றியைப் பார்த்து யாரும் அவரை மறுநாளே புரொஃபஷனல் ஆக்கிவிடவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அமெச்சூராகவே ஆடினார். 2015 டிசம்பரில் ஐரோப்பியத் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்த பிறகே, 2016 ஜனவரியில் தொழில்முறைக்கு மாறினார். பெங்களூரில் பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே 2016இல்தான். ரியோ ஒலிம்பிக்கில் ஆடியதும், இந்தியன் ஓப்பனை வென்று ஐரோப்பியத் தொடரில் பட்டம் வாங்கிய முதல் இந்தியப் பெண் ஆனதும் அந்த வருடமே. பள்ளிக்கூடம் அவருக்கு எந்த வழியையும் மறிக்கவில்லை.

மகள் ஆண்களுக்குச் சமமான தூரம் அடிக்கிறாள் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது, காற்று மெலிது. சமவெளியில் போவதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பந்து இங்கே பறக்கும். மைதானத்தில் 150 கஜம் போகிற அதே அடி கோயம்புத்தூரில் 135 கஜத்தில் விழுந்து, முன்னால் இருக்கும் மணல் குழியில் உட்கார்ந்துகொள்ளும். குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீனும் வேறு. மலையில் பந்து பள்ளத்தாக்குப் பக்கம் இழுக்கும்; கண்ணுக்கு மேடாகத் தெரிவது பந்துக்குச் சரிவாக இருக்கும். அது உங்கள் மகளுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். சமவெளியிலோ கிரீன் தட்டையாக இருக்கும், புல் ஒரு பக்கமாகப் படிந்திருக்கும், பந்து புல்லின் போக்கில் நழுவும். வெயிலில் மூன்று நாள் தொடர்ந்து 18 குழி நடப்பதும் அவளுக்குப் புதிது. நம் பக்கத்தில் மூடுபனி இறங்கினாலோ காட்டெருமை வழியில் நின்றாலோ சற்று ஓய்வு கிடைக்கும், அங்கே அதுவும் இல்லை.

தூரத்தை மட்டும் வைத்து எடை போடாதீர்கள் என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் ஒருவர். ஆனாலும் நான்கு நாளும் பதக்க இடங்களை ஒட்டியே நின்றார். தங்கம் வாங்கிய நெல்லி கோர்டா பாருக்கு 17 குறைவு. வெள்ளியும் வெண்கலமும் 16 குறைவு. அதிதி 15 குறைவு. ஒரே ஓர் அடியில் பதக்கம் போயிற்று. அவ்வளவு அருகில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தியது கிரீனில் அவர் காட்டிய பட்டிங், அதாவது பந்தை உருட்டிக் குழியில் போடும் திறமை. ஆகவே மகள் எவ்வளவு தூரம் அடிக்கிறாள் என்பதை விட்டுவிட்டு, ஆறடி தூரத்திலிருந்து பத்துப் பந்தில் எத்தனையைக் குழியில் போடுகிறாள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னது பாதி சரி. ஆண்களில் கேடி வேலையிலிருந்து வந்து ஜெயித்தவர்கள் நம் நாட்டில் உண்டு. டெல்லியில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓப்பனை வென்றார். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009இல் அதே பட்டத்தை வென்றார். பையன்கள் பை சுமந்துகொண்டே, ஓய்வு நேரத்தில் அடித்துப் பழகிக்கொள்வார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்த வாசல் இல்லை. அதனால்தான் பெண்கள் வரிசையில் வசதியுள்ள வீட்டுப் பெயர்களும் ராணுவ வீட்டுப் பெயர்களும் அதிகம். 18 வயதிலேயே தென்னாப்பிரிக்க ஓப்பனை வென்ற, செவித்திறன் குறைந்த தீக்ஷா டாகரின் தந்தை ராணுவ கர்னல். மகளுக்குப் பயிற்சியாளரும் அவரே. நமக்குப் பக்கத்தில், முதுமலை தாண்டினால் மைசூரு. அங்கிருந்து கிளம்பிய பிரணவி அர்ஸ் ஐரோப்பியத் தொடர்வரை போய் ஆடியிருக்கிறார்.

ஆனால் மாமியார் கணக்கில் சேர்க்காதது ஒன்று இருக்கிறது: அவருடைய மகன். ரியோவில் அதிதிக்குப் பை சுமந்தவர் அவருடைய அப்பா. டோக்கியோவில் சுமந்தவர் அம்மா. அந்த இருவரும் மகளுக்காக இந்த வேலையில் இறங்கியவர்கள். உங்கள் கணவருக்கோ இதுவே தொழில். காற்று எந்தப் பக்கம், எந்த மட்டையை எடுப்பது, ஆட்டக்காரர் கோபத்தில் இருக்கும்போது வாயை எப்போது மூடிக்கொள்வது – வெளியே சம்பளம் கொடுத்து வாங்க வேண்டியதெல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அடுத்தவர் பையைச் சுமந்து கற்ற வித்தைக்கு விலை மதிப்பில்லை என்று நினைத்துத்தான் அவர் முதலில் கிடைத்த காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தப் பத்தியை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அடுத்த ஒன்றரை வருடத்துக்கு ஒரு வேலைத் திட்டம் சொல்கிறேன். மைதானத்தார் மூலம் முறையான ஹேண்டிகேப் பதிவு வாங்குங்கள்; அது இல்லாமல் எந்தப் பெரிய போட்டிக்கும் வாசல் திறக்காது. இந்தியன் கோல்ஃப் யூனியனின் ஜூனியர் பெண்கள் போட்டிகளில் பெயர் கொடுங்கள். முடிகிற மாதங்களில் கோயம்புத்தூர் செட்டிபாளையத்துக்கோ சென்னைக்கோ கூட்டிப்போய் ஆட வையுங்கள். தென்மேற்குப் பருவமழையில் ஊட்டி நனைந்து கிடக்கும்போது அதுவே பயிற்சியும் ஆகும். சமவெளியில் ஆடிய பத்து ஸ்கோர் அட்டைகளைச் சேர்த்து வையுங்கள். கடைசிப் பந்துவரை குழியில் போட்டு முடித்தவையாக இருக்க வேண்டும், அப்பா அல்லாத ஒருவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பார் 72 உள்ள மைதானத்தில் பத்தும் 75க்குள் இருந்தால் புரொஃபஷனல் பேச்சை எடுக்கலாம். 80ஐத் தாண்டினால் இன்னும் நாள் இருக்கிறது. அதனால் திறமை இல்லை என்று ஆகிவிடாது.

மகளிடமும் வெளிப்படையாகப் பேசுங்கள். இந்த வாழ்க்கையில் டிவியில் தெரிகிற நாள் கொஞ்சம். ஊர் தெரியாத ஊரில், மொழி தெரியாத அறையில் கழிகிற நாள்தான் அதிகம். மெக்சிகோவின் லொரேனா ஒச்சோவா உலகின் முதலிடத்தில் இருந்தபோதே, 2010இல், 28 வயதில் விலகிவிட்டார். அமெரிக்காவின் லெக்ஸி தாம்சன் 2024இல், 29 வயதில், இனி முழு நேரமும் ஆடப் போவதில்லை என்று அறிவித்தார். முப்பதுக்குள் முடிந்துபோகக்கூடிய தொழிலுக்குப் பின்னால் இன்னும் முப்பது வருடப் பிழைப்பு இருக்கிறது. பயிற்சியாளர் ஆகலாம், அதற்கென்று சான்றிதழ்ப் படிப்பே உண்டு. அங்கேயும் பன்னிரண்டாம் வகுப்பு கைகொடுக்கும்.

அந்தப் பெரியவரிடம் சண்டை வேண்டாம். “ஐயா, பிள்ளை பள்ளிக்கூடத்தை முடிக்கட்டும். அதுவரை போட்டிச் செலவுக்கு உதவி செய்தால் ரசீதோடு கணக்குக் கொடுக்கிறோம். பங்குப் பேச்சு அவளுக்கு 18 ஆன பிறகு, அவளிடமே பேசிக்கொள்ளுங்கள்” என்று உங்கள் கணவர் சொல்லட்டும். அவருடைய பிழைப்பு அந்த மைதானத்தில் இருக்கிறது, மறுப்பதற்குத் தயங்குவார். அதனால் நீங்களும் கூடப் போங்கள்.

அதற்கு முன் அந்த இங்கிலீஷ் காகிதத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஊட்டி நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு எங்கே என்று விசாரியுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்கறிஞர் ஒருவரை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, இருவருமாகப் போய் வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு போங்கள். மூலக் காகிதம் வீட்டிலேயே இருக்கட்டும்.