தூரத்தை விடுங்கள், ஏற்றத்தைப் பாருங்கள்: முழங்கால் வலியோடு தோர்தோன் கோட்டைகளுக்கு

கேள்வி: பாரிஸ் புறநகரில் வசிக்கிறோம். செப்டம்பரில் புதுச்சேரியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அவர்களை நான்கு நாள் தென்மேற்குப் பிரான்ஸின் தோர்தோன் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போய்க் கோட்டைகளையும் இடைக்கால மலைக் கிராமங்களையும் காட்ட ஆசை. பன்னிரண்டு இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு 71 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 66, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒன்பது வயது மகனும் வருகிறான். கார் இல்லாமல் முடியுமா? அம்மா சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன வழி?

பதில்: முதல் வேலையாக அந்தப் பன்னிரண்டில் ஏழு இடங்களை அடித்துவிடுங்கள்.

வரைபடத்தைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. நீங்கள் தங்க வசதியான ஊரான சார்லாவிலிருந்து பெய்நாக் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். பெய்நாக்கிலிருந்து காஸ்தெல்நோ ஐந்து கிலோமீட்டர்கூட வராது. லா ரோக் கஜாக், தோம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. மதியத்துக்குள் நான்கை முடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் இங்கே கணக்குப் போட வேண்டியது ஏற்றத்தை. பெய்நாக் கோட்டை ஆற்றுக்கு மேலே சுமார் 150 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஏறி வருகிறவனுக்கு மூச்சு வாங்க வேண்டும் என்றே தேர்ந்தெடுத்த இடம் அது. அவன் பகைவனா, உங்கள் அம்மாவா என்று பாறைக்குத் தெரியாது.

அதனால் என் முதல் விதி: எந்த மலைக் கிராமத்துக்கும் கீழிருந்து போகாதீர்கள். பெய்நாக்கில் ஆற்றங்கரையில் காரை நிறுத்தினால், கோட்டைக்குப் போகும் சந்து கூழாங்கல் பாவிய நேர் ஏற்றம். அதே கோட்டைக்குப் பின்பக்கமாகச் சுற்றி ஏறும் சாலையும், மேலே வண்டி நிறுத்த இடமும் இருக்கின்றன. அம்மாவோடு மேலே போய் இறங்கிக்கொள்ளுங்கள். அப்பாவும் பேரனும் சந்து வழியாகக் கீழே நடக்கட்டும். பிறகு நீங்கள் காரில் இறங்கி ஆற்றங்கரையில் அவர்களைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரே கிராமத்தை இரண்டு விதமாகப் பார்த்தது போலவும் ஆகும், முழங்காலும் தப்பிக்கும்.

இதிலிருந்தே கார் கேள்விக்கும் விடை வந்துவிடுகிறது. கார் வேண்டும். ஆனால் பாரிஸிலிருந்தே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பின்னிருக்கையில் மடங்கி உட்கார்ந்து வந்த முழங்கால் மறுநாள் ஒத்துழைக்காது. பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறி ப்ரீவ் என்ற ஊரில் இறங்கினால் சுமார் நாலரை மணி நேரம். அங்கே வாடகைக்குக் கார் எடுங்கள். சார்லா அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவு. சிறிய ஊர்களில் வாடகைக் கார் அலுவலகங்கள் மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கதவைச் சாத்துவது உண்டு. ரயில் நேரத்தை அதற்கேற்பப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்பாவும் ஓட்டுவதாக இருந்தால், புறப்படும் முன்பே புதுச்சேரியில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிட வேண்டும். வந்த பிறகு இங்கே வாங்க முடியாது.

சின்ன எச்சரிக்கை. கிராமத்துக்குள் போனதும் தொலைபேசி காட்டும் வழியை நம்பாதீர்கள். அதற்குச் சந்தும் சாலைதான். அதை நம்பி நான் ஒருமுறை இரண்டு கல் வீடுகளுக்கு நடுவே காரைச் செருகிவிட்டு, எண்பது மீட்டர் பின்னாலேயே எடுத்தேன். ஒரு பாட்டி ஜன்னலைத் திறந்து பூந்தொட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, கையசைத்து வழி சொன்னார். பக்கக் கண்ணாடிக்கு நான் தண்டம் கட்டினேன். ஊருக்கு வெளியே நீல நிறத்தில் ‘பி’ எழுத்துப் பலகையைக் கண்டதும் நிறுத்திவிடுங்கள்.

இனி எதைப் பார்ப்பது? காஸ்தெல்நோவையும் பெய்நாக்கையும் தனித்தனி இடங்களாக எண்ணாமல் ஒரு ஜோடியாகப் பாருங்கள். நூறாண்டுப் போரில் (1337–1453) இந்த ஆறுதான் கிட்டத்தட்ட எல்லைக்கோடு. வடகரைப் பெய்நாக் பிரெஞ்சு மன்னர் பக்கம், தென்கரைக் காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஒன்றின் மதிலில் நின்றால் மற்றொன்றின் ஜன்னல் தெரியும். ஒரு கோட்டையின் முழு உருவம் அதன் பகைவன் நின்ற இடத்திலிருந்துதான் கண்ணுக்குப் பிடிபடும். எனவே ஒன்றுக்குள் போங்கள், மற்றொன்றை எதிரிலிருந்து பாருங்கள்.

உள்ளே போக நான் காஸ்தெல்நோவைத்தான் சொல்வேன். காரணம் உங்கள் மகன். 1985 முதல் அது இடைக்காலப் போர்க்கலை அருங்காட்சியகம். வாள், கவசம், குறுக்குவில்லோடு, மதில்மேல் முழு அளவில் செய்துவைத்த கல்லெறி எந்திரங்களும் நிற்கின்றன. பெரிய எந்திரத்தின் அருகில் அவனைக் கொஞ்ச நேரம் நிற்க விடுங்கள். நீண்ட மரக்கையின் குட்டையான முனையில் மண்ணும் கல்லும் நிரப்பிய பெட்டி தொங்கும். நீண்ட முனையில் கவண். பூட்டை விடுவித்ததும் பெட்டி தன் எடையில் விழும், மறுமுனை எகிறும், கவண் சுழன்று கல்லை வீசும். முறுக்கிய கயிறோ வெடிமருந்தோ எதுவும் இல்லை; வெறும் பாரம்தான். பள்ளிக்கூடத்து நெம்புகோல் பாடம் அங்கே அவனுக்கு உயிரோடு தெரியும்.

அம்மாவுக்கு அந்தக் கோட்டையின் சுழல் படிக்கட்டுகள் கடினம். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். அவர் உள்ளே வரப் பிரியப்பட்டால், சுழல் படியில் வெளிச்சுவர் ஓரமாகவே கால் வைக்கச் சொல்லுங்கள். நடுத்தூண் பக்கம் படி பாதத்தின் பாதி அகலம்கூட இருக்காது. சேலை கட்டுபவர் என்றால் அன்று மட்டும் கணுக்கால் தெரியக் கட்டட்டும். செருப்பு வேண்டாம், ரப்பர் அடியுள்ள ஷூ போதும். நூற்றாண்டுகளாக மிதிபட்ட சுண்ணாம்புக்கல் எண்ணெய் தடவியது போல வழுக்கும், அதுவும் காலைப் பனி ஈரத்தில். (சுழல் படிகள் வலச்சுற்றாக ஏறுவது வலக்கை வாள்வீரனைத் தடுக்கத்தான் என்று எந்தக் கோட்டையிலும் சொல்வார்கள். வரலாற்றாய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. கதையாகக் கேட்டுக்கொள்ளலாம்.)

ஏறாமலே கோட்டைகளைப் பார்க்க அம்மாவுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று படகு. லா ரோக் கஜாக்கிலும் பெய்நாக்கிலும் கபார் என்ற தட்டைப் படகில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். பழைய கபார்கள் மலையிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு போர்தோவின் மதுப்பீப்பாய்களுக்காகப் போனவை. நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பி வர முடியாததால், பல படகுகளைப் போன இடத்திலேயே பிரித்து மரமாக விற்றுவிடுவார்கள். மற்றொன்று மார்கெசாக் தோட்டம். கையால் கத்தரித்த ஒன்றரை லட்சம் பாக்ஸ்வுட் புதர்ச்செடிகள் அங்கே பச்சை ஆட்டுமந்தை போல உருண்டு கிடக்கின்றன. நிழலான பாதைகள், நடுநடுவே உட்கார இடம். கோடியில் ஆற்றுக்கு 130 மீட்டர் மேலே ஒரு பார்வைமேடை. காஸ்தெல்நோவுக்கும் இதற்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும். அப்பாவும் மகனும் கோட்டைக்குள் அலையட்டும், நீங்களும் அம்மாவும் இங்கே வந்துவிடுங்கள்.

மலைக் கிராமங்களில் ஒன்று போதும் என்றால் தோம். 1281-இல் மூன்றாம் பிலிப் மன்னர் அமைத்த கோட்டை நகரம். மதிலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் தெருக்களில் சாய்வு உண்டு, படி குறைவு. பள்ளத்தாக்கைப் பார்க்கும் விளிம்பில் பெஞ்சுகளும் இருக்கின்றன. 1307-இல் பிடிபட்ட டெம்ப்ளர் என்ற துறவி வீரர்கள் சிலரை இதன் கோபுர வாயிலில் சிறை வைத்தார்கள். அவர்கள் சுவரில் கீறிய சிலுவைகளும் உருவங்களும் இன்றும் இருக்கின்றன. அதைப் பார்க்கச் சுற்றுலா அலுவலகத்தில் முன்பே கேட்டு வையுங்கள். தோம் பாறையை ஏற முடியாது என்று நம்பி அந்தப் பக்கம் மதிலே கட்டவில்லை. 1588-இல் ஜெஃப்ருவா த விவான் என்ற புராட்டஸ்டண்ட் தளபதியின் ஆட்கள் இருட்டில் அந்தப் பாறை வழியாகவே ஏறி ஊரைப் பிடித்தார்கள்.

மூன்றாம் நாளை ரோகமதூருக்கு ஒதுக்குங்கள். சார்லாவிலிருந்து ஒரு மணி நேரம். பாறைச் சுவரில் தெரு, வீடு, கோவில், கோட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஊர். கறுப்பு மாதா என்று அழைக்கப்படும் மரியாள் சிலையின் சந்நிதிக்கு 216 படிகள். அந்தக் காலத்து யாத்ரிகர்கள் முழந்தாளிட்டே ஏறினார்கள். உங்கள் அம்மா லிஃப்டில் போகலாம். கோட்டைக்குப் பக்கத்தில் உச்சியில் காரை நிறுத்தி, சாய்வு லிஃப்டில் சந்நிதிக்கும், அங்கிருந்து மற்றொரு லிஃப்டில் தெருவுக்கும் இறங்கலாம். இரண்டுக்கும் கட்டணம் உண்டு. காலை வெயில் பாறையின்மேல் நேராக விழும் நேரத்தில் லோப்பித்தாலே மேட்டிலிருந்து ஊரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே போங்கள்.

நான்காம் நாள் சார்லாவிலேயே இருந்துவிடலாம். புதனும் சனியும் அங்கே சந்தை. பட்டியலில் வேறு எது இருந்தாலும் இந்த முறை வேண்டாம். செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் நாடு முழுதும் பாரம்பரிய தினங்கள் வரும். பல இடங்களில் நுழைவு இலவசம், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். அம்மாவை நினைத்தால் அந்த இரண்டு நாட்களைத் தவிர்ப்பதே நல்லது.

சாப்பாட்டில்தான் உண்மையான சிக்கல். இது வாத்தின் நாடு. உணவகத்தில் சைவம் என்று நீங்கள் கேட்டால், முகம் மலர்ந்து சார்லா உருளைக்கிழங்கு வறுவலைக் கொண்டுவந்து வைப்பார்கள். பொன்னிறமாக, பூண்டும் பார்ஸ்லியும் தூவி மணக்கும். அது வாத்துக் கொழுப்பில் வதக்கியது. பரிமாறுபவர் பொய் சொல்லவில்லை; அவர் கண்ணுக்கு அதில் இறைச்சி இல்லை. பூண்டு சூப்பும் அப்படித்தான், பல வீடுகளில் வாத்துக் கொழுப்போடுதான் தொடங்கும். பெரிகோர் (இந்தப் பகுதியின் பழைய பெயர்) சாலட் என்றால் அடியில் வாத்தின் இரைப்பைத் துண்டுகள் இருக்கும். எனவே ‘இறைச்சி உண்டா?’ என்று கேட்காதீர்கள். ‘எந்தக் கொழுப்பில் சமைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். சூடான ரோகமதூர் ஆட்டுப்பாலாடைக்கட்டி, ரொட்டி, வால்நட், கீரை என்று தட்டு வந்தால் சாப்பிடலாம். அதற்கும் பாலை உறைய வைக்கக் கன்றின் வயிற்று நொதியம் சேர்ப்பது வழக்கம் என்பதை அம்மாவிடம் சொல்லிவிட்டு அவரே முடிவு செய்யட்டும்.

மதியம் இரண்டு மணிக்கு மேல் போனால் பெரும்பாலான உணவகங்களில் எதுவுமே கிடைக்காது. ஆகவே ஓட்டலுக்குப் பதிலாகச் சமையலறையுள்ள வீடாக வாடகைக்கு எடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனி முதல் சனி வரை ஒரு வாரத்துக்குத்தான் தருவார்கள்; செப்டம்பரில் நான்கு நாளுக்கும் கிடைக்கும். பாரிஸிலிருந்து ஒரு சின்ன குக்கரும் புளிக்காய்ச்சலும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். தோம் விளிம்பில் அந்தப் பெஞ்சுகள் இருப்பதாகச் சொன்னேனே, புளிசாதப் பொட்டலத்தைப் பிரிக்க அதைவிடத் தோதான இடம் அந்தப் பக்கத்தில் இல்லை.