கிண்ணம் கறுத்தது முட்டையால்தான்

புது வெள்ளிக் கிண்ணத்தில் மொஹிங்கா (பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்) பரிமாறினீர்கள், மறுநாள் உட்புறம் கறுத்துவிட்டது, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். கறுத்ததை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. அதில் போட்ட அவித்த முட்டையின் கந்தகம் பட்டால் நல்ல வெள்ளியும் கறுக்கும். 925 வெள்ளி என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி 75 பங்கு பெரும்பாலும் செம்பு, அதுவும் கறுக்கும்.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்டு வெந்நீரில் ஊறவைக்கும் வைத்தியம் மட்டும் வேண்டாம். வெளிப்புறப் பூவேலையின் பள்ளங்களில் தெரியும் கறுப்பு, ஆசாரி வேண்டுமென்றே ஏற்றியது. அதுவும் நீங்கி, கிண்ணம் மொட்டையாகிவிடும். எங்கள் வீட்டில் ஒன்று அப்படித்தான் போனது, அம்மா இன்னும் திட்டுகிறார்.

உட்புறத்தை மட்டும் ஈரத்துணியில் திருநீறு தொட்டு மெதுவாகத் தேயுங்கள். கழுவியதும் துடைத்துவிடுங்கள், ரங்கூன் மழையில் தானாகக் காயாது. அப்புறம், முட்டைக்குப் பீங்கான் போதும்.