ஊர் டாக்டர விட மனசு வரல

கேள்வி: கும்பகோணம் வீட்ட வித்துட்டு கோவையில ஒரு சீனியர் ஹோம்ல வந்து சேந்துட்டேன். வயசு 76, சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. ஊர்ல 30 வருஷமா ஒரே டாக்டர்தான், வீட்டுக்காரர் படுக்கையில கெடந்தப்போ ராத்திரி பத்து மணிக்குகூட வந்து பாத்தவர். இங்க வர்ற டாக்டர் தங்கமானவர்தான், ஆனா கதவுகிட்டயே நின்னுகிட்டு சிஸ்டர்கிட்ட "பாட்டி சாப்ட்டாங்களா, மோஷன் போனாங்களா"ன்னு கேட்டுட்டு போயிடறார். எனக்கு காது நல்லாத்தான் கேக்குது. பழைய டாக்டர்கிட்டயே போன்ல பாத்துக்கலாமா?
- கோவை வாசகி

பதில்: அம்மா, காது நல்லாத்தான் கேக்குதுன்னு எனக்கு எழுதினீங்களே, அதை அப்படியே அவர்கிட்டயும் சொல்லிடுங்க, கோச்சுக்க மாட்டார். ஹோம்ல இருக்கறவங்க எழுதற கடிதத்துல மருந்தப் பத்தி புகாரே கம்மி, "என்கிட்ட பேச மாட்டேங்கிறார்"ங்கறதுதான் ஜாஸ்தி. ஆனா அவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல, டாக்டர் கேட்டா "நல்லா இருக்கேன் சார்"னு சொல்லிட்டு அவர் படியிறங்கினதும் பக்கத்து ரூம்ல போய் கால் எரிச்சலப் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாங்க, குறை சொன்னா ஹோம்ல தொல்லைன்னு நெனச்சுடுவாங்களோன்னு ஒரு பயம்.

போன்ல பாக்கலாம். 2020ல வந்த டெலிமெடிசின் விதிப்படி, அதே வியாதிக்கு 6 மாசத்துக்குள்ள அவர நேர்ல பாத்திருந்தா ஏற்கனவே சாப்பிடற மாத்திரைய திரும்ப எழுதித் தரலாம். அல்பிரசோலம் மாதிரி தூக்க மாத்திரைய மட்டும் போன்ல எழுத முடியாது.

ஆனா ரெண்டு டாக்டர் ரெண்டு சீட்டுன்னு ஆயிட்டா எனக்கு பயமே அதுலதான். அங்க எழுதினது ஒரு பிராண்டு, இங்க எழுதினது வேற பிராண்டு, ரெண்டுக்குள்ளயும் இருக்கறது கிளிமிபிரைடுங்கற அதே சுகர் மருந்துன்னா ரெண்டையும் முழுங்கிட்டு நடுராத்திரி சுகர் இறங்கி வேர்த்துக் கொட்டி ஏதேதோ பேசுவீங்க, பாக்கறவங்க "வயசாயிடுச்சு, குழம்பறாங்க"ன்னு விட்டுடுவாங்க. அதனால சீட்டு எழுதறவர் ஒருத்தர்தான் இருக்கணும், அது இங்க வந்து நாடி பிடிச்சு பாக்க முடிஞ்சவராத்தான் இருக்கணும். ஊர் டாக்டர்கிட்ட ஒரு பக்கத்துல உங்க கதைய எழுதி வாங்குங்க: என்னென்ன மாத்திரை, எது ஒத்துக்கல, எதை ஏன் நிறுத்தினார். ஆஸ்பத்திரியில படுத்திருந்த ரெகார்டு வேணும்னா கேட்டதுலருந்து 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதியே இருக்கு. அந்த பேப்பரை கையில வச்சுகிட்டு, டாக்டர் வர்ற அன்னிக்கு "ஒரு நிமிஷம் உக்காருங்க டாக்டர்"னு நாற்காலிய இழுத்துப் போடுங்க. உக்காந்துட்டா அவர் உங்க முகத்தப் பாத்துத்தான் பேசியாகணும். ஊர் டாக்டர்கிட்ட பொங்கல், தீபாவளிக்கு போன் போட்டு பேசறத யார் தடுக்கப் போறா?

கேள்வி: அப்பா சென்னையில ஹோம்ல இருக்கார், 81 வயசுக்கு நல்ல தெளிவு. டாக்டர் ரிப்போர்ட்ட எனக்கு வாட்ஸ்அப் பண்ணிடுவார், அப்பாகிட்ட எதுவும் சொல்லாதீங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். சரிதானே?
- துபாய் வாசகர்

பதில்: சரியில்ல தம்பி. தெளிவா இருக்கார்னு நீங்களே எழுதறீங்க, அப்ப அவர் உடம்பப் பத்தி முதல்ல அவருக்குத்தான் சொல்லணும், உங்களுக்கு அனுப்பலாமான்னே அவர்கிட்டதான் கேக்கணும். மறைச்சா மாத்திரை மாறும்போது கண்டுபிடிச்சுடுவார், அப்புறம் டாக்டர் எது சொன்னாலும் நம்ப மாட்டார். அடுத்த தடவை டாக்டர் வரும்போது வீடியோ கால்ல இருங்க, அப்பா பேசி முடிக்கற வரைக்கும் மியூட்லயே இருங்க.