தோளில் ஒரு கை

அன்புள்ள ஐயா,

‘கோகோ’ அனிமேஷன் படம் பார்த்தேன். நான்கு மாதம் முன் என் அப்பா காலமானார். ஆறு வயது மகளிடம் “தாத்தா வெளியூர் போயிருக்கார்” என்றே சொல்லியிருக்கிறோம். கேள்வி கேட்பாளே என்று அவர் போட்டோவையும் பரணில் வைத்துவிட்டோம். படம் முழுக்க எலும்புக்கூடுகள். அவளுக்குக் காட்டலாமா? நம் மகாளய அமாவாசையும் படத்தில் வரும் ‘இறந்தோர் நாள்’ பண்டிகையும் ஒன்றுதானே? மெக்சிகோக்காரர்களின் அந்தப் பண்டிகையை டிஸ்னி காசாக்கிவிட்டது என்கிறார்களே, நிஜமா?
கே.

அன்புள்ள கே.,

தாராளமாகக் காட்டுங்கள். மெக்சிகோவில் அந்தப் பண்டிகை நாட்களில் சர்க்கரையில் மண்டையோடு செய்து, நெற்றியில் குழந்தையின் பேரையே எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். எலும்புக்கூட்டைக் கண்டு பயப்படுவது நீங்கள்தான், அவள் இல்லை.

டிஸ்னி 2013இல் அந்தப் பண்டிகையின் பேரை வணிகக்குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தது நிஜம். எதிர்ப்பு கிளம்பியதும் வாபஸ் வாங்கினார்கள். அப்போது கார்ட்டூன் போட்டுத் தாக்கிய லாலோ அல்கராஸையே பிறகு இந்தப் படத்துக்கு ஆலோசகராகச் சேர்த்துக்கொண்டார்கள். அது போகட்டும்.

எதைப் பார்த்தாலும் ‘இது நம்மிடமும் உண்டே’ என்று சொல்லும் பழக்கத்தை முதலில் விடுங்கள். நவம்பர் 1 அன்று இறந்த குழந்தைகளும் 2 அன்று பெரியவர்களும் வருவார்கள் என்று காத்திருக்கும் ஜனங்கள் அவர்கள். பாட்ஸ்குவாரோ ஏரியின் ஹனிட்சியோ தீவில், விடிய விடிய மெழுகுவத்தி ஏற்றிக் கல்லறையோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசலிலிருந்து படையல்வரை பூவிதழைத் தூவி வழி போடுகிறார்கள். அந்த நிறத்தையும் வாசத்தையும் பிடித்துக்கொண்டு ஆவிகள் வீடு வந்துசேருமாம். அந்தப் பூ நம் செண்டுமல்லிதான். அதன் தாய்மண் மெக்சிகோ. அங்கிருந்து வந்த பூவைத்தான் நாம் மாலை கட்டிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் பீரோவைக் குடைந்து ஒரு பழைய போட்டோவைத் தேடிக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்தப் பரண் என்னைச் சுட்டது. என்ன காரியம் செய்திருக்கிறீர்கள்! பார்த்த படம் எதைப் பற்றியது என்றாவது யோசித்தீர்களா? படையலில் போட்டோ இல்லாத காரணத்தால்தான் செத்துப்போன ஹெக்டரால் பூப்பாலத்தைத் தாண்டி வீட்டாரைப் பார்க்க வர முடியவில்லை. வேஷம் போட்டுக்கூட ஓடிப் பார்க்கிறான், கால் இதழ்களுக்குள் புதைந்துபோகிறது. அவனுடைய முகத்தைக் குடும்பப் போட்டோவிலிருந்து கிழித்தது வேறு யாருமில்லை, வீட்டுக்காரிதான். அவளுக்காவது விட்டுப்போனான் என்கிற கோபம் இருந்தது. உங்கள் அப்பா உங்களுக்கு என்ன செய்தார்?

எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு போட்டோ உண்டு. அப்பாவுக்கு ஏழெட்டு வயதிருக்கும், அரை டிராயரோடு விறைத்து நிற்பார். அவர் தோளில் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை. முழங்கைக்கு அப்பால் ஒன்றும் கிடையாது. அப்பாவின் அக்கா கை அது. வேறு சாதிப் பையனோடு போய்விட்டாளாம், தாத்தா கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். மகனை வெட்டாமல் அந்தக் கையை வெட்ட வழியில்லை என்பதால் கை மட்டும் தங்கிவிட்டது. “இது யார் கைப்பா?” என்று ஒன்பது வயதில் கேட்டேன். “அது யாரோ. போய் விளையாடு” என்றார். நானும் போய்விட்டேன். ஓடிப்போன கதையே அவர் காரியத்தன்று பெரியப்பா சொல்லித்தான் தெரியும். அப்போதும் பேரைக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. இப்போது பெரியப்பாவும் இல்லை. அந்த அத்தையின் பேர் எனக்குத் தெரியாது, கே. சொல்ல ஒருவர்கூட மிச்சமில்லை.

படத்தில் ஹெக்டரின் மகளான கொள்ளுப்பாட்டி கோகோ நினைவு தப்பிய காலத்திலும் அப்பாவின் கிழிந்த முகத்தை டிராயரில் பத்திரமாக வைத்திருந்தாள். எங்கள் வீட்டுப் பெட்டி, பரண், பீரோ எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்துவிட்டேன். அந்த முகம் எதிலும் இல்லை.

உங்கள் மகள் வெளியூர் போன தாத்தாவுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் ஐயா. தன்மேல் கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ என்றுகூட நினைப்பாள். இன்று சாயங்காலமே ஏணியைப் போடுங்கள். போட்டோவை அவள் கையாலேயே துடைக்கச் சொல்லுங்கள். தாத்தா இறந்துபோய்விட்டார் என்பதை அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். அழுதால் மடியில் போட்டுக்கொள்ளுங்கள். அவர் பேரைச் சொல்லிக்கொடுங்கள், இனிஷியலோடு.